பழமே ஐஸ்: கோடைக்கு உறைய வைத்த ஒயின் காக்டெய்ல், குமரிப் பழங்களோடு

ஒயினுக்குள் ஐஸ் கட்டி போடும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி, நாகர்கோவிலில் இலை அசையாத புழுக்கம். அந்த நேரத்தில் கிளாஸில் போட்ட ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? கரைந்து முடித்தபின் கையில் மிஞ்சுவது லேசாக ஒயின் வாசனை வரும் தண்ணீர். காசு கொடுத்து வாங்கிய ஒயினும் போச்சு, பழத்தின் ருசியும் போச்சு.

ஐஸ் செய்யும் வேலையைப் பழத்திடம் கொடுத்துவிடலாம். பழத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் உறைய வையுங்கள். ஒயினையும் அகலமான பாத்திரத்தில் ஊற்றி உறைய வையுங்கள். குடிக்கும் நேரத்தில் இரண்டையும் மிக்ஸியில் அடித்தால், ஸ்பூனால் அள்ளும் பதத்தில் வரும். உருகினாலும் கவலையில்லை, உருகுவது ஒயினும் பழச்சாறும்தான்.

இது ஒன்றும் பழைய சங்கதி இல்லை. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து உணவகக்காரர் மரியானோ மார்டினெஸ் 1971-இல் ஒரு சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷினை மாற்றியமைத்து, டெக்கீலா காக்டெய்லான மார்கரீட்டாவை உறைந்த பதத்தில் ஊற்றிக் கொடுத்தார். அந்த மெஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினை அதே மாதிரி உறைய வைத்து அடிக்கும் ‘ஃப்ரோசே’ 2016 கோடையில் நியூயார்க்கில் பரபரப்பானது. அங்கே ஸ்ட்ராபெர்ரி போடுவார்கள். நம்மூரில் அதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. மார்ச் முதல் ஜூன் வரை வடசேரி சந்தையிலும் மார்த்தாண்டம் சந்தையிலும் வந்து குவிவதே போதும்.

எங்கள் வீட்டில் தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி கிடையாது, ஒயினும் கிடையாது. ஈஸ்டர் அன்று அப்பமும் கறியும் சாப்பிட்டு, எல்லோரும் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, வெயில் தாழ்ந்து வாசலில் நாற்காலி போடும் நேரம்தான் இதற்குச் சரியான நேரம். அந்தச் சாயங்காலத்துக்காக முந்தின நாளே செய்ய வேண்டியவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏன் கல்லாக உறைவதில்லை

இதைப் புரிந்துகொண்டால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நீங்களே சரிசெய்துவிடலாம்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சுத்தமான ஆல்கஹால் உறைய மைனஸ் 114 டிகிரி வேண்டும். 12 சதவீதம் ஆல்கஹால் உள்ள சாதாரண ஒயின் சுமார் மைனஸ் 5 டிகிரியில் உறையத் தொடங்கும். தொடங்கும் என்றுதான் சொல்கிறேன், முடியும் என்று சொல்லவில்லை. முதலில் அதிலுள்ள தண்ணீர் மட்டும் பனித் துகளாகப் பிரியும். மிச்சமிருக்கும் திரவத்தில் ஆல்கஹாலின் வீதம் ஏறும். ஏற ஏற அது உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கூட அதில் ஒரு பங்கு திரவமாகவே நிற்கும். பனியும் திரவமும் கலந்த அந்த நிலைதான் நமக்கு வேண்டிய பதம்.

சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும். சர்க்கரை கூடினால் பதம் இளகும், குறைந்தால் நறநறவென்று பனிக்கட்டியாக இருக்கும். ஆகவே இந்தக் கலவையில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் அல்ல. இன்னொன்று, குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். உறைய வைக்கும் முன் ருசி பார்க்கும்போது ‘கொஞ்சம் கூடிப்போச்சோ’ என்று தோன்றினால்தான் உறைந்தபின் அளவாக இருக்கும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18 வரை போகாது. அப்படிப்பட்ட ஃப்ரிட்ஜ் என்றால் நான் கீழே சொல்லும் சர்க்கரையில் கால் பங்கைக் குறைத்து, ஒரு ராத்திரிக்குப் பதில் முழு 24 மணி நேரம் வையுங்கள்.

ஒயின் எது

விலை உயர்ந்த ஒயின் இதற்கு வீண். குளிரில் அதன் நுட்பமான வாசனையெல்லாம் அடங்கிவிடும். நாசிக்கிலும் கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கமும் தயாராகும் இந்திய ஒயின்களே தாராளம். வெள்ளை ஒயினில் செனின் பிளாங்க், சாவிஞோன் பிளாங்க் இரண்டும் மாம்பழத்தோடும் அன்னாசியோடும் நன்றாகச் சேரும். ரோஸே கிடைத்தால் தர்பூசணிக்கு எடுத்து வையுங்கள். துவர்ப்பு கூடிய கெட்டியான சிவப்பு ஒயின் மட்டும் வேண்டாம். குளிர்ந்தால் துவர்ப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும், நாக்கு வறண்டு போகும்.

எல்லா டாஸ்மாக் கடையிலும் இதெல்லாம் இருக்காது. எலைட் கடைகளில் தேர்வு அதிகம். சாதாரணக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் போர்ட் என்று லேபிள் ஒட்டிய இனிப்பு ஒயின். அதை வைத்தும் செய்யலாம், ஆனால் சர்க்கரைப் பாகை அறவே விட்டுவிட்டு எலுமிச்சையைக் கூட்டுங்கள். லேபிளில் ஆல்கஹால் சதவீதம் பார்த்துக்கொள்ளுங்கள். 14-க்கு மேல் என்றால் பழத்தை இன்னும் ஒரு கை சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பதம் கூடாது. விடுமுறைக் கொண்டாட்டத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் மே 1 அன்று கடை திறக்காது என்பதை மறக்க வேண்டாம். வாங்குகிறவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

டிசம்பரில் நம் பக்கத்து வீடுகளில் ‘வைன் போட்டாச்சா’ என்று கேட்டுக்கொள்வது வழக்கம். பரணிமேல் மிச்சமிருக்கும் அந்த ஜாடியை இதற்கு எடுக்கலாமா என்று என் மயினி கேட்டார். வேண்டாம் என்றேன். அதில் சர்க்கரை எவ்வளவு, ஆல்கஹால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அளவு தெரியாமல் உறைய வைத்தால் ஒன்று கல்லாகும், இல்லையென்றால் பாயசமாகவே நிற்கும். உரிமம் இல்லாமல் மது தயாரிக்க நம் மாநிலச் சட்டத்தில் இடமும் இல்லை.

முதல் முறை செய்கிறவர்களுக்கு: மாம்பழமும் வெள்ளை ஒயினும்

மாம்பழத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் அதன் சதை. தண்ணீர்ச் சத்து மட்டும் உள்ள பழங்கள் பனித் துகளாகப் பிரியும், மாம்பழம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக நிற்கும். செங்கவருக்கை கிடைத்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். அதன் மணம் குளிரிலும் அடங்காது. நார் உள்ள பழம்தான் கிடைத்தது என்றால் சாறாக்கி வடிகட்டி உறைய வையுங்கள்.

தேவையானவை: வெள்ளை ஒயின் ஒரு பாட்டில், அதாவது 750 மில்லி. தோலும் கொட்டையும் நீக்கிய மாம்பழச் சதை 600 கிராம். சர்க்கரை 80 கிராம், தண்ணீர் 80 மில்லி. எலுமிச்சைச் சாறு 60 மில்லி, அதற்கு மூன்று அல்லது நான்கு பழம் வேண்டியிருக்கும். ஒரு சிட்டிகை உப்பு. இது எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

முந்தின நாள் காலையிலேயே மாம்பழத்தை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, ஒரு எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். குவித்து வைத்தால் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும், மிக்ஸி பிளேடு உடையும். நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். அப்புறம் ஒரு டப்பாவில் கொட்டி மூடி வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரையையும் தண்ணீரையும் அடுப்பில் வைத்து, கரைந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதமெல்லாம் தேவையில்லை. முழுக்க ஆறவிடுங்கள். சூடான பாகை ஒயினில் ஊற்றினால் வாசனை பறந்துவிடும். ஆறிய பாகு, எலுமிச்சைச் சாறு, உப்பு மூன்றையும் ஒயினோடு கலந்து ருசி பாருங்கள். இனிப்பும் புளிப்பும் இரண்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும்.

இந்தக் கலவையை ஊற்றும் பாத்திரம் முக்கியம். அகலமான, ஆழம் குறைந்த எவர்சில்வர் தட்டோ கண்ணாடி டிரேயோ எடுங்கள். அலுமினியம் கூடாது, ஒயினின் புளிப்பு அதை அரிக்கும். இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம். மேலே மூடி போட்டோ உறை சுற்றியோ வையுங்கள், இல்லாவிட்டால் மீன் வாசனை ஏறிவிடும். நம் வீட்டு ஃப்ரீசரில் எப்போதும் நெய்மீனோ சாளையோ இருக்கும் அல்லவா.

பாட்டிலோடு ஃப்ரீசரில் வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தண்ணீர் பனியாகும்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். கண்ணாடி அதைத் தாங்காது. சீக்கிரம் குளிரட்டும் என்று நான் ஒருமுறை வைத்துவிட்டு மறந்து தூங்கிப்போனேன். காலையில் பார்த்தால் ஃப்ரீசர் முழுக்கக் கண்ணாடித் துண்டும் சிவப்புப் பனியும். அதிலிருந்த மீன், இறைச்சி அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று.

ஒரு ராத்திரி, குறைந்தது எட்டு மணி நேரம் ஒயின் உறையட்டும். மறுநாள் அடிப்பதற்கு அரை மணி முன்பு மிக்ஸி ஜாரையும் குடிக்கும் டம்ளர்களையும் கூட ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இந்த அரை மணி நேரத்தைத் தவறவிடுகிறவர்களுக்குத்தான் கடைசி நிமிஷத்தில் எல்லாம் இளகிப்போகிறது. வெதுவெதுப்பான ஜாரில் விழுந்த உடனே கால் பங்கு கரைந்துவிடும்.

ஒயின் பனியை முள் கரண்டியால் கீறிவிட்டு, மூன்று பங்காகப் பிரித்து அடியுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். முதலில் ஒயின் பனி, அதன்மேல் மாம்பழத் துண்டு. கீழே ஈரம் இருந்தால்தான் பிளேடு சுற்றும். ஒரே ஓட்டமாக ஓடவிடாமல், ஐந்து விநாடி ஓட்டி நிறுத்தி, ஸ்பூனால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் ஜார் சூடாகும். நாலைந்து சுற்றில் பதம் வந்துவிடும். ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்தால் மெதுவாக நழுவி விழ வேண்டும். உடனே ஊற்றிக் கொடுங்கள்.

மற்ற பழங்கள்

அன்னாசி, நம் பக்கத்து வழக்கில் கைதச்சக்கை. ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராகவே விளைவதால் மேற்கே போகப் போகத் தரமாகக் கிடைக்கும். பச்சையாக உறைய வைப்பதைவிட, 500 கிராம் துண்டுக்கு 60 கிராம் சர்க்கரையும் நான்கு கிராம்பும் சேர்த்து ஐந்து நிமிஷம் வதக்கி, கிராம்பை எடுத்துவிட்டு, ஆறியதும் உறைய வைத்தால் ருசி இரட்டிப்பாகும். இதற்கு ஒயின் 400 மில்லி போதும், வேறு பாகு வேண்டாம். நம் மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு என்றால் மூன்றே போதும், அதன் எண்ணெய் அவ்வளவு வீரியம். கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று கேட்பார்கள். போர்ட் ஒயினோடு செய்கிறீர்கள் என்றால் அரை எலுமிச்சம்பழ அளவு கருப்பட்டியைக் கரைத்து, மண் வடிகட்டிச் சேருங்கள், அருமையாக இருக்கும். வெள்ளை ஒயினில் கருப்பட்டி வேண்டாம், அது மட்டும்தான் மணக்கும்.

பன்னீர் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. மஸ்கட் ஹேம்பர்க் என்ற வகை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதில் விதை உண்டு, மிக்ஸியில் விதை உடைந்தால் கசக்கும். ஆகவே அரைக் கிலோ திராட்சையைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தோல் வெடிக்கும் வரை சூடாக்கி, மசித்து, வடிகட்டி, அந்தச் சாறை ஐஸ் டிரேயில் உறைய வையுங்கள். போர்ட் ஒயினுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஒரு பிடித் திராட்சையை மட்டும் முழுதாக உறைய வைத்திருந்து, டம்ளரில் மேலே போடுங்கள். கடிக்கும்போது சின்ன ஐஸ்கிரீம் மாதிரி இருக்கும்.

நான் மிகவும் விரும்புவது கொல்லாம்பழம். முந்திரிக் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். மார்ச், ஏப்ரலில் எத்தனை மூட்டை அப்படி அழுகிப் போகிறது என்று நினைத்தாலே மனம் ஆறாது. பழத்துக்கு இருக்கும் ஒரே குறை தொண்டையைப் பிடிக்கும் காறல். அதற்கு வழி சோற்றுக் கஞ்சியில் இருக்கிறது. பறித்த அன்றே பிழிந்து வடிகட்டிய ஒரு லிட்டர் சாறில் அரை டம்ளர் ஆறிய கஞ்சித் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காறலுக்குக் காரணமான டானின், கஞ்சியோடு சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மெதுவாகச் சரித்து எடுத்து உறைய வையுங்கள். இதற்கு வெள்ளை ஒயின் மட்டுமே. சிவப்பில் இருக்கும் டானினும் சேர்ந்தால் கஞ்சி வைத்துத் தெளியவைத்த பாடெல்லாம் வீண். சாறு 500 மில்லி, ஒயின் 500 மில்லி, சர்க்கரை 70 கிராம், எலுமிச்சை இரண்டு. அந்த மணத்தை எப்படிச் சொல்வது, சின்ன வயதில் கொல்லாமரத்து நிழலில் நின்ற அந்த மத்தியானம் அப்படியே திரும்பி வரும்.

தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதனால் கல்லாக உறையும், ருசியும் நீர்த்துப்போகும். 400 கிராமுக்கு மேல் வேண்டாம், ரோஸே ஒயினோடு புதினா நாலு இலை போட்டு அடியுங்கள்.

நுங்கை மிக்ஸியில் போட்டுக் கெடுக்காதீர்கள். தோல் உரித்து, சிறு துண்டாக்கி, உறைய வைக்காமல் குளிர மட்டும் வைத்து, ஊற்றிய டம்ளரின் மேலே போடுங்கள். மாம்பழக் கலவையின் மேல் நுங்கு, சொர்க்கம்.

சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், போட்டுப் பார்த்தேன். வருக்கைச் சுளை நான்கு போட்டாலே ஒயின் இருந்த இடம் தெரியவில்லை. வாழைப்பழமும் அப்படித்தான். மட்டியானாலும் செந்துளுவனானாலும் தனியாகத் தின்பதற்கே அழகு.

குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும்

ஒரு வீட்டுக் கூட்டத்தில் பாதிப் பேர் ஒயின் தொட மாட்டார்கள். அவர்களுக்கும் அதே பழத்தில் செய்து கொடுங்கள். ஒயினுக்குப் பதில் இளநீரோ வடிகட்டிய திராட்சைச் சாறோ ஊற்றலாம். ஆனால் ஆல்கஹால் இல்லாததால் இது கட்டியாக உறையும். அதனால் ஒரு மணிக்கு ஒருமுறை எடுத்து முள் கரண்டியால் கிளறிவிட வேண்டும், நான்கு முறை கிளறினால் சரியாக வரும்.

பாத்திரத்தை மாற்றி வைப்பதில் கவனம் தேவை. ஃப்ரீசரில் மஞ்சள் நிறத்தில் மாம்பழ ஐஸ்கிரீம் மாதிரி ஒன்று இருந்தால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. ஒயின் கலந்ததன் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, குழந்தைக்கு எட்டாத அடுக்கில் வையுங்கள். முதலில் பிள்ளைகளுடையதை அடித்துக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் நான் ஒயினை வெளியே எடுப்பேன்.

பெரியவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. ஒரு பாட்டில் ஒயினில் 90 மில்லி சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. பழத்தோடு எட்டு டம்ளராகப் பிரித்தாலும் அது எங்கும் போய்விடாது. குளிரும் இனிப்பும் அதன் காரத்தை மறைப்பதால் இரண்டாவது டம்ளர் தெரியாமலே காலியாகும். தாகத்துக்காக இதைக் குடிக்கக் கூடாது, ஆல்கஹால் உடம்பிலிருந்து நீரை இன்னும் வெளியேற்றும். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோ மோரோ வைத்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் ஒயின் இல்லாத டம்ளரையே எடுக்கட்டும். வண்டி ஓட்டிப் போகிறவருக்கும் அதுதான். முட்டத்துக்கோ சங்குத்துறைக்கோ எடுத்துப்போய்க் கடற்கரையில் குடிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், பொது இடத்தில் அனுமதி இல்லை.

கைகொடுக்கும் சில திருத்தங்கள்

அடித்தது தண்ணீராக இருந்தால் ஐஸ் போட்டு இறுக்கப் பார்க்காதீர்கள். ஒரு கை உறைந்த மாம்பழம் போட்டு அடியுங்கள், அதுவும் இல்லையென்றால் அகலமான தட்டில் ஊற்றி முக்கால் மணி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக இருந்தால் வெளியே ஐந்து நிமிஷம் வைத்து, இரண்டு ஸ்பூன் குளிர்ந்த ஒயின் விட்டு அடிக்கலாம். ருசி மந்தமாக இருந்தால் பெரும்பாலும் குறைவது சர்க்கரை இல்லை, எலுமிச்சை. டம்ளரில் மேலே நுரையும் கீழே சாறுமாகப் பிரிந்தால் பழச் சதை போதவில்லை என்று அர்த்தம், அடுத்த முறை 100 கிராம் கூட்டுங்கள்.

அடிக்கிற நேரம் பார்த்து கரண்ட் போனால், முள் கரண்டியே போதும். ஒயின் பனியைச் சுரண்டி டம்ளரில் நிரப்பி, உறைந்த பழத்தை மேலே போட்டு, இரண்டு நிமிஷம் விட்டுக் கலக்கிக் கொடுங்கள். இத்தாலியில் கிரனீட்டா என்று இப்படித்தான் சுரண்டிச் செய்கிறார்கள்.

மிஞ்சியதை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் மாம்பழத்தின் மணம் குறையத் தொடங்கும். மறுபடி எடுக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஒரே ஒரு சுற்று அடித்தால் முதல் நாள் பதம் திரும்பிவிடும்.